அபாயம் சாரும் ஏழாம் நம்பர் மலையும்

பயப்படுவதை ஒரு உத்தியோகமாக்கி அதற்கு மாதச் சம்பளமும் கொடுப்பதென்று அரசாங்கம் முடிவு செய்தால், அந்த வேலைக்கு விளம்பரமே போட வேண்டாம். எங்கள் அபாயம் சாரைக் கூப்பிட்டு நேரே நாற்காலியில் உட்கார வைத்துவிடலாம். உட்காருவதற்கு முன் நாற்காலியின் நாலு காலையும் அவர் ஆட்டிப் பார்ப்பார். அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. பத்திரிகையில் பெயர் வந்தால் அதிலும் ஏதாவது ஆபத்து இருக்கிறது என்பார். எங்களுக்கு அவர் எப்போதுமே அபாயம் சார்தான்.

அப்போது நான் தேயிலைத் தோட்டத்துப் புள்ளக்காம்பராவில் வேலை பார்த்தேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு நேர் மேலே இருந்தது ஏழாம் நம்பர் மலை. ஒரு காலத்தில் நல்ல தேயிலை இருந்த மலைதான். பிறகு தோட்டம் கைவிட்டது, செடிகள் செத்தன, மானாப்புல் முளைத்தது, பழைய சவுக்கு மரங்கள் சில மட்டும் மிஞ்சின. கோடையில் அந்தப் புல்லுக்கு யாராவது நெருப்பு வைப்பார்கள். மழை வந்தால் மொட்டையாய்க் கிடக்கும் அந்தச் சரிவிலிருந்து காவி நிறத் தண்ணீர் வந்து, நாங்கள் சமைக்கும் குசினிச் சுவரை முட்டிக்கொண்டு நிற்கும். எல்லோரும் வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு வேலைக்குப் போவோம்.

அந்த மலையில் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து காடு மாதிரி ஒரு தோட்டம் போடலாம் என்று ஒரு திட்டம் வந்தது. உயரத்துக்குப் பலா, அதற்குக் கீழே பட்டர்ஃப்ரூட், அதற்கும் கீழே கோப்பி, நிழலில் ஏலக்காய், மண்ணோடு மண்ணாய் இஞ்சி. விளைவதை நாங்களே எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்துத் துரையும் சரியென்று தலையாட்டினார். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு சார் வருவார் என்றார்கள்.

சார் வந்தார். வலப்பனைப் பக்கத்து ஆள். ஹட்டன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் முதலில் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்து, உயிரோடு வந்து சேர்ந்ததற்காகக் கும்பிட்டார். தலையில் தொப்பி, தொப்பியிலிருந்து கழுத்துவரை கொசுவலை. கழுத்தில் விசில். காற்சட்டையின் கால் இரண்டும் சப்பாத்துக்குள். அட்டை ஏறாமலிருக்க சப்பாத்து முழுக்கச் சவர்க்காரம். நடந்தால் நுரை வந்தது. கையில் ஒரு பெரிய கறுப்புக் குடை.

வகுப்பு புள்ளக்காம்பராவில்தான். உள்ளே வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"டீச்சர், ஏதாவது ஆச்சுன்னா ஓடுறதுக்கு வேற கதவு இருக்குங்களா?"

"என்ன சார் ஆகப் போவுது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கதவு தேடுறேன்?"

அன்று காடு வளர்ப்பதைப் பற்றிப் படிக்கப் போனோம். காட்டில் மனிதன் எந்தெந்த விதமாகச் சாகலாம் என்பதைப் படித்துவிட்டு வந்தோம். சிறுத்தைப்புலி, குளவி, பாம்பு, இடி, வழுக்கல், முறிந்து விழும் கிளை, தெரியாமல் தின்ற காளான். முதல் வரிசையில் இருந்த பாக்கியம் அக்கா கடைசியில் எழுந்து கேட்டார்.

"ஏன் சார், பலாக்கன்னு எப்ப நடுறதுன்னு சொல்லவே இல்லையே?"

"நடுற வரைக்கும் நாம இருக்கணுமில்ல அக்கா, அதத்தான் மொதல்ல பார்த்துக்கிட்டிருக்கேன்."

பாக்கியம் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் குழுவுக்குத் தலைவி. கொழுந்து எடுப்பதில் கைவேகம், வாயில் அதைவிட வேகம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும், எங்களை மேய்க்கும் கண்டாக்கையாவையே எதிர்த்துப் பேசுவார். லயத்துக்குள் பாம்பு வந்தால் ஆம்பிளைகள் பாக்கியம் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். பயம் என்ற ஒன்றை அவர் கண்ணால் கண்டதில்லை. சாரைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அபாயம் சார்" என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

மலைக்கு ஏறும்போது புலி கிட்டே வராமலிருக்க எல்லோரும் சத்தமாகப் பாட வேண்டும் என்பது சாருடைய சட்டம். பெண்கள் தட்டையும் மண்வெட்டியையும் தட்டிப் பாடிக்கொண்டு ஏறுவோம்.

"சார், நாங்க பாடுற லட்சணத்துக்குப் புலி ஓடாது, பாட்ட நிறுத்தச் சொல்லத்தான் வரும்" என்பார் பாக்கியம் அக்கா.

ஒருநாள் புல்லுக்குள் சரசரவென்று சத்தம். சார் விசிலை வாயில் வைத்து ஊதிய ஊதலில் பக்கத்துத் தோட்டத்து நாய்களெல்லாம் குரைத்தன. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். சார் எப்படி ஏறினார் என்று தெரியாது, ஒரு சவுக்கு மரத்தில் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். புல்லை விலக்கிக்கொண்டு வந்தவர் எங்கள் கண்டாக்கையா. வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறார்.

"எவன்டா விசிலடிச்சது?" என்று அவர் கத்த, மேலேயிருந்து மெல்லிய குரலில் பதில் வந்தது.

"நான்தாங்க. வணக்கம்."

இறங்க மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஏணி கொண்டுவர வேண்டியிருந்தது. ஏணியையும் ஆட்டிப் பார்த்தார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது, படங்குப் பயிற்சி. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த சாக்கைத்தான் நாங்கள் படங்கு என்போம். சார் விசில் ஊதினால் உடனே அந்தப் படங்கை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு செடிக்கடியில் சுருண்டுவிட வேண்டும். ஓடக்கூடாது, கையை வீசக்கூடாது, சத்தம் போடக்கூடாது. குளவி வந்தால் அதுதான் வழி என்று சார் அடித்துச் சொல்வார். கன்று நட்டுக்கொண்டிருப்போம், விசில் வரும். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்போம், விசில் வரும். எங்களுக்கே கூச்சமாக இருக்கும். பாக்கியம் அக்கா மட்டும் ஒருநாளும் சுருண்டதில்லை. படங்கைக் கீழே விரித்து அதன்மேல் உட்கார்ந்து, எங்களைப் பார்த்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பார்.

ஆனாலும் கன்றுகள் பிடித்தன. சார் ஒவ்வொரு மரத்தையும் காவல்காரனை வேலைக்குச் சேர்ப்பதுபோலத்தான் சேர்த்தார். "இது வேர ஆழமா விடும், மண்ணப் புடிச்சிக்கும். இது எல கொட்டும், மழை நேரா மண்ணுல அடிக்காது. இது தாழ்வா படரும், தண்ணிய ஓட விடாது." கேட்டுக் கேட்டு, ஒரு மரத்தைப் பார்த்தால் அது எதைத் தடுக்கும் என்று யோசிக்கும் பழக்கம் எங்களுக்கும் வந்துவிட்டது. பட்டர்ஃப்ரூட் இடுப்பளவு வந்தது. கோப்பி முதல்முறை பூத்தது. மானாப்புல் பின்வாங்கியது.

அப்படிப் பூத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அது நடந்தது.

மலையின் மேற்பகுதியில் புல் வெட்டிக்கொண்டிருந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூரத்தில் லொறி மலை ஏறுவதுபோல ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் லொறி போகும் ரோட்டே கிடையாது என்று ஞாபகம் வருவதற்குள் தலைக்குமேல் வந்துவிடும். உயரத்தில் ஒரு சவுக்கு மரத்தில் இருந்த குளவிக்கூடு எப்படியோ கலைந்திருக்கிறது. பருந்து அடித்ததோ, கிளை முறிந்ததோ, யாருக்கும் தெரியாது.

நான் சாரைப் பார்த்தேன். அவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஆனால் ஊத மூச்சு வரவில்லை. கன்னம் இரண்டும் நடுங்குகிறது, விசிலிலிருந்து வெறும் காற்று வருகிறது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமில்லாமல் அலறிய விசில், அன்று ஊமையாகிவிட்டது.

விசில் இல்லாமலேயே எங்கள் கைகள் படங்கை அவிழ்த்தன. எப்படிச் சுருண்டேன் என்று எனக்கே தெரியாது. சாக்கின்மேல் சட்சட்டென்று மழைபோல வந்து விழுந்தன. ஒன்று எப்படியோ உள்ளே வந்து காதோரம் கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். வெளியே யாரோ ஓடும் சத்தம். படங்கின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன்.

பாக்கியம் அக்கா ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, சரிவில் நேர் கீழே. அவருடைய படங்கு, அவர் அதுவரை உட்கார்ந்திருந்த இடத்தில் விரித்தபடியே கிடந்தது. தலையைச் சுற்றி ஒரு கறுப்புப் புகை கூடவே போனது. கொஞ்ச தூரத்தில் கால் இடறி விழுந்தார். புகை அப்படியே அவர்மேல் இறங்கியது.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது. "ஐயோ... அம்மா... முருகா... ஐயோ..." பாக்கியம் அக்காவுடைய குரல் இல்லை. சார்! குடையை விரித்துக்கொண்டு, அலறிக்கொண்டே அவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். நான் வீரர்கள் யாரையும் நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும், இத்தனை சத்தமாக அழுதுகொண்டு போன ஒருவரை வீரர் என்று நினைத்திருக்க மாட்டேன். அந்த அலறல் கீழே லயம்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். போய்ச் சேர்ந்தவர் தன் வலைத்தொப்பியைக் கழற்றி அக்காவின் தலையில் மாட்டினார். குடையைச் சாய்த்துப் பிடித்து, சட்டையைக் கழற்றி அவர் கையை மூடி, மேலே குப்புறப் படுத்துக்கொண்டார். அப்புறமும் அலறுவதை நிறுத்தவில்லை.

குளவி அடங்கியபிறகு இருவரையும் கொழுந்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சாருக்கு முதுகு முழுக்கத் தடிப்பு. பாக்கியம் அக்காவுக்கு மூச்சே சரியாக வரவில்லை. முகம் வீங்கி, கண் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்களும் இருக்கிறார்கள். அதனால் அன்று லயத்தில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. நான் பாக்கியம் அக்காவின் பேரப்பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, அடுத்து யார் வந்து என்ன சொல்வார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார். கண் திறந்த செய்தி வந்ததும் நான் பார்க்கப் போனேன். வார்டு வாசலில் சார் நின்றுகொண்டிருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இப்போது பார்க்க வந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கிருமிக்குப் பயந்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முகக்கவசம். அதற்குமேலே வீங்கிய கண். கதவைக் கையால் தொடாமல் முழங்கையால் தள்ள முயன்றுகொண்டிருந்தார். எங்களோடு உள்ளே வந்த நர்ஸ் அவரையும் பாக்கியம் அக்காவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இதில் நோயாளி யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் சிரித்தேன். பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய பெண், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தார்; ஜன்னலில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் உடம்பு தூக்கிப்போட்டது.

"சார், கண்ண மூடுனா அந்தச் சத்தம்தான் கேக்குது. பயம்னா இப்படித்தான் இருக்குமா? தெரியாம உங்களப் பார்த்துச் சிரிச்சிட்டேன். நீங்க தெனமும் இத வச்சிக்கிட்டா நடமாடுறீங்க?"

"ஆமாங்க அக்கா."

"எப்புடி சார்? பழகிடுமா?"

சார் கட்டிலின் காலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பழகாதுங்க. நான் பொய் சொல்லல்ல. பயந்துக்கிட்டே பஸ் ஏறணும், பயந்துக்கிட்டே எறங்கணும். வேற வழி எனக்குத் தெரியல்ல."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்தக் காட்ட வெட்டிருங்க சார். நான் இனி அந்தப் பக்கம் வரமாட்டேன்."

அதையேதான் தோட்டமும் சொன்னது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். பாக்கியம் அக்காவும் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். ஆம்பிளைகள் சிலர் கத்தியோடேயே வந்திருந்தார்கள்.

கண்டாக்கையா ஆரம்பித்தார். "காடு வளர்த்தா காட்டுல இருக்கிறது எல்லாம் வரும். இன்னைக்குக் குளவி, நாளைக்குப் புலி. சவுக்கையும் வெட்டி, நட்டதையும் வெட்டி, சுத்தமாக்கிட்டா பிரச்சின முடிஞ்சிது."

எல்லோரும் "ஆமா, ஆமா" என்றார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கே காதோரம் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. வெட்டிவிட்டால் நல்லதுதானே என்று என் மனதிலும் ஓடியது.

சார் எழுந்தார். கத்தி வைத்திருந்தவர்களிடமிருந்து இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்.

"எனக்குக் குளவின்னா பயம்" என்றார். "புலின்னா பயம். இப்ப உங்க கையில கத்தி இருக்கு, அதுக்கும் பயம். கண்டாக்கையாவப் பார்த்தா எல்லாத்தவிடவும் பயம்."

கூட்டத்தில் சிரிப்பு. சார் சிரிக்கவில்லை.

"அந்தச் சவுக்கு நாம நட்டதில்லைங்க. நாம வாறதுக்கு முந்தியே அங்க குளவி இருந்திச்சி. நட்டத வெட்டினா குளவி போகாது. மரம்தான் போகும். எனக்குத் தூக்கம் வராம இருக்கிறது குளவியால இல்லைங்க. குளவியாவது சத்தம் போட்டுக்கிட்டு வரும், படங்க இழுத்துப் போத்திக்கலாம். அந்த மண்ணு" என்று மலையைக் காட்டினார், "அது சத்தம் போடாம வரும். அப்ப எந்தப் படங்க எடுத்துப் போத்திக்கிறது? புள்ளக்காம்பரா அதுக்கு நேர் கீழதான் இருக்கு. நான் மொத நாளே கதவு தேடினேன். இருக்கிறது ஒரே கதவு."

 எல்லார் தலையும் மெல்ல ஏழாம் நம்பர் மலைப் பக்கம் திரும்பியது. நாங்கள் இன்னும் நடாத பாதி மொட்டையாகத் தெரிந்தது. முந்தின நாள் மழைக்கு அதன் நடுவே மண் கரைந்து புதிதாக ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. நாங்கள் நட்ட பாதியில் அப்படி ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து அந்த மலைக்குக் கீழே தூங்கியவள் நான். அன்றைக்குத்தான் அதைப் பார்த்துப் பயந்தேன்.

கண்டாக்கையா பாக்கியம் அக்காவைப் பார்த்தார். "கொட்டு வாங்கினது நீ. நீ சொல்லு."

அக்கா எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "எனக்கு இப்பவும் வெட்டணும்னுதாங்க இருக்கு. பொய் சொல்லல்ல. ஆனா என் பேரப்புள்ளையும் அந்தக் காம்பராவுலதான் தூங்குது. வெட்ட வேணாம். சார் முன்னால போனா நான் பின்னால வாறேன்."

சாருடைய முகத்தில் ரத்தமே இல்லை. முன்னால் போவதாக அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆனால் போனார். கீழ்க் கிராமத்தில் குளவிக்கூடு எடுக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து அந்த ஆபத்தான கூட்டை அகற்றினோம். அதற்குப்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாங்கள் கீழே காத்திருக்க, சார் ஒரு தூரக்கண்ணாடியோடு முதலில் ஏறுவார். ஒவ்வொரு உயரமான மரத்தையும் அண்ணாந்து பார்ப்பார். கூடு தெரிந்தால் சிவப்புத் துணி கட்டுவார், அந்தப் பக்கம் அன்றைக்கு வேலை கிடையாது. பின்னால் பாக்கியம் அக்கா, தலையிலிருந்து முழங்கால்வரை படங்கு. இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டே ஏறுவதைக் கீழிருந்து பார்த்தால் யாரோ இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து மருந்து தேடிப் போவதுபோலிருக்கும்.

"சார், அங்க என்னமோ அசையுது."

"என்னக் கேக்காதீங்க அக்கா, நான் கண்ண மூடியிருக்கேன்."

"கண்ண மூடிக்கிட்டா கூடு பார்க்கிறீங்க?"

"ஒரு கண்ணுதான்."

மீதிப் பாதியையும் அப்படித்தான் நட்டு முடித்தோம். இன்று கீழிருந்து பார்த்தால் ஏழாம் நம்பர் மலையில் மண் தெரிவதில்லை. பலா எங்கள் கூரையைவிட உயரம். கோப்பிப் பழத்தைப் பறித்துக் காயவைக்க இடம் போதவில்லை. மழைக்கு வரும் தண்ணீர் இப்போதும் குசினிக்குப் பின்னால் வருகிறதுதான். ஆனால் அந்தக் காவி நிறம் போய்விட்டது.

சாருக்கு அநுராதபுரப் பக்கம் மாற்றல் வந்தது. வழியனுப்பத் தோட்டமே பஸ்ஸடிக்கு வந்தது, கண்டாக்கையாவும்கூட. சார் பஸ் டயர்களை ஒவ்வொன்றாகக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அங்க யானை இருக்காமே?" என்றார் பாக்கியம் அக்கா.

"தெரியும் அக்கா. மாற்றல் வந்ததுல இருந்து சோறு எறங்கல்ல."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வளைவில் மறையும்வரை அப்படித்தான் இருந்தார்.

நான் இப்போது ஹட்டன் டவுனில் குடியிருக்கிறேன். அம்மாவும் தங்கையும் இன்னும் அதே லயத்தில்தான். மலைநாட்டில் பலத்த மழை என்று செய்தியில் சொன்னால் போதும், சாரிடமிருந்து எனக்குப் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "டீச்சர், எல்லாரும் இருக்காங்களா?" என்பார். நான் தோட்டத்துக்குக் கேட்டுவிட்டு, "எல்லாரும் இருக்காங்க சார்" என்பேன். ஒரு பெருமூச்சு கேட்கும். வைத்துவிடுவார்.

போன மாதம் விடாமல் மழை. தோட்டத்துக்குக் கேட்டு, எல்லோரும் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, சொல்வதற்குத் தயாராக இருந்தேன். மத்தியானம்வரை அவரிடமிருந்து போன் வரவில்லை. நானே எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. சமையல் ஓடவில்லை. யானை, பாம்பு, இடி, பஸ் என்று ஒவ்வொன்றாக மனதில் வந்து நின்றது. கடைசியில் அவர் எடுத்து, போனைச் சத்தமில்லாமல் எங்கேயோ வைத்துவிட்டுக் காலையிலிருந்து தேடுகிறேன் என்றபோது, எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"சார், நீங்க இருக்கீங்களா?" என்று மட்டும்தான் என்னால் கேட்க முடிந்தது.